இரட்டைச் சூரியன் உலகங்கள் வேடிக்கைப் பொருளா? சிக்கல் நாம் தேடும் விதத்தில்தான்!

இரண்டு சூரியன் இருக்கும் கோள் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வந்தால், எங்கள் டெஸ்க்கில் தலைப்புக்கு மண்டையை உடைக்கவே வேண்டாம். 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் இரண்டு சூரியன் மறையும் அந்த சீன், பக்கத்திலேயே 'நிஜ டாட்டூயின்!' என்று ஒரு வரி. நானே வைத்திருக்கிறேன். கிளிக்கும் நன்றாக வரும். ஆனா, அந்தத் தலைப்பு சத்தமில்லாமல் ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறது: ஒற்றைச் சூரியன்தான் நார்மல், மற்றதெல்லாம் வேடிக்கை.

கணக்கு அப்படி இல்லை. நம் சூரியனைப் போன்ற நட்சத்திரங்களில் கிட்டத்தட்ட பாதிக்கு ஒரு துணையாவது உண்டு. நமக்கு மிக அருகில், 4 ஒளியாண்டு சொச்சத்தில் இருக்கும் ஆல்பா சென்டாரியே மூன்று நட்சத்திரங்கள் சேர்ந்த குடும்பம்தான்.

அப்படின்னா, அங்கே பிறக்கும் கோள்களுக்கு என்ன வித்தியாசம்?

2011-ல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-16பி-யைப் பாருங்கள். சனிக் கோள் அளவு. அதன் இரண்டு நட்சத்திரங்களும் 41 நாளைக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. கோள் அந்த இரண்டையும் சேர்த்து 229 நாளில் சுற்றுகிறது. இங்கே ஒரு லட்சுமணக் கோடு உண்டு. நட்சத்திரங்களுக்கு நடுவே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அதில் மூன்று மடங்குக்கு வெளியேதான் கோள் நிற்க வேண்டும். உள்ளே வந்தால் இரண்டு பக்க ஈர்ப்பும் மாறி மாறி இழுத்து, கடைசியில் தூக்கி வெளியே எறிந்துவிடும். கெப்ளர்-16பி அந்தக் கோட்டை ஒட்டித்தான் நிற்கிறது. இதுபோன்ற வேறு பல கோள்களும் அப்படியே. தூரத்தில் பிறந்து, வாயுவும் தூசும் கலந்த தட்டு வழியாக உள்ளே நகர்ந்து, எல்லையில் பிரேக் போட்டு நின்றிருக்கின்றன என்பதுதான் விஞ்ஞானிகள் பலரும் ஏற்கும் விளக்கம்.

இன்னொரு வகையில், கோள் ஒரே நட்சத்திரத்தைத்தான் சுற்றும். இரண்டாவது நட்சத்திரம் தள்ளி இருக்கும். தள்ளி என்றால் எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜோடிக்கு இடையிலான தூரம், பூமி–சூரியன் தூரத்தைப் போல 47 மடங்குக்குள் இருந்தால், கோள்கள் இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது என்கிறது 2016-ல் வெளியான ஓர் ஆய்வு. பக்கத்து நட்சத்திரம் கோள் உருவாகும் தட்டையே கலைத்துவிடுகிறது. ஆனாலும் காமா செஃபை என்ற ஜோடியில், சூரியனுக்கும் யுரேனஸுக்கும் உள்ள அளவு இடைவெளியிலேயே ஒரு பெரிய கோள் பிழைத்துக் கிடக்கிறது. எப்படி உருவானது என்பது இன்னமும் விவாதம்தான்.

சரி, துணை ரொம்ப தூரத்தில் இருந்தால் நிம்மதியா? அதுவும் இல்லை. எச்டி 80606பி என்ற கோளின் இரண்டாவது நட்சத்திரம், பூமி–சூரியன் தூரத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலே தள்ளி இருக்கிறது. அந்த மெல்லிய இழுப்பே காலப்போக்கில் கோளின் பாதையை வால்நட்சத்திரம் போல நீட்டிவிட்டது என்று கருதுகிறார்கள். 111 நாளுக்கு ஒருமுறை அது தன் சூரியனை உரசுவது போலப் போய்வருகிறது. அப்போது ஆறே மணி நேரத்தில் அதன் வெப்பம் சுமார் 500 டிகிரி செல்சியஸிலிருந்து 1,200 டிகிரிக்கு எகிறியதை ஸ்பிட்சர் தொலைநோக்கி அளந்தது. நம்ம ஊர் கத்திரி வெயிலெல்லாம் சும்மா!

இதுவரை சொன்னது கோள்களின் கதை. எனக்கு உறுத்துவது, அவற்றைத் தேடும் கதை.

கோள் ஒன்று நட்சத்திரத்தின் முன்னால் கடக்கும்போது வெளிச்சம் துளி மங்கும். அது சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப நடந்தால், கம்ப்யூட்டர் 'கோள்' என்று கொடி காட்டும். இது ஒற்றைச் சூரியனுக்காகவே யோசித்த முறை. இரட்டைச் சூரியன் கோள்கள் டைம்டேபிளுக்குக் கட்டுப்படாது. டிஓஐ-1338பி ஒருமுறை 93 நாளில் வரும், இன்னொருமுறை 95 நாளில் வரும். நாசாவின் டெஸ் தொலைநோக்கித் தரவில் மறைந்திருந்த அதை 2019-ல் கவனித்தது, இன்டர்ன்ஷிப் சேர்ந்து மூன்றே நாளான 17 வயது பள்ளி மாணவர் வுல்ஃப் கூக்கியர். கண்ணால் பார்த்துத்தான்! கெப்ளர்-413பி இதைவிட மோசம். 180 நாளில் மூன்று முறை முகம் காட்டிவிட்டு, அடுத்த 800 நாள் ஆளையே காணோம்.

தப்பு இன்னொரு பக்கமும் நடக்கிறது. கல்யாணத்தில் பட்டப்பகலில் அண்ணாந்து பார்த்து, தெரியாத அருந்ததியைத் 'தெரியுது' என்று தலையாட்டுவோமே, அந்த அருந்ததி–வசிஷ்டர் உண்மையில் ஆறு நட்சத்திரங்கள். வசிஷ்டர் நான்கு, அருந்ததி இரண்டு. அருந்ததியின் துணை தெரிந்ததே 2009-ல்தான். இப்படி ஒரே புள்ளியாகத் தெரிகிற ஜோடியில் ஒரு கோள் கடந்தால், கூடவே இருக்கும் நட்சத்திரத்தின் வெளிச்சமும் கலந்து, மங்கல் குறைவாகத் தெரியும். கோள் சிறியது என்று எழுதிவிடுவோம். மறைந்த துணைகளைக் கணக்கில் எடுக்காவிட்டால் கோளின் ஆரம் சராசரியாக ஒன்றரை மடங்கு வரை குறைத்து மதிப்பிடப்படலாம் என்று 2015-லேயே எச்சரித்தார்கள். ஆக, நாம் கொண்டாடும் 'பூமி அளவு' கோள்களில் சில, பூமி அளவே இல்லாமல் இருக்கலாம். நிஜமாகவே பூமி அளவில் இருப்பவையோ, அந்தக் கலப்பு வெளிச்சத்தில் கண்ணிலேயே படாமல் போகலாம்.

எல்லாப் பழியையும் கருவி மேல் போடவும் முடியாது. ஒரு வாரத்துக்குள் ஒன்றையொன்று சுற்றி முடிக்கும் மிக நெருக்கமான ஜோடிகளைச் சுற்றி, கெப்ளர் தொலைநோக்கி கோள் எதையும் பார்க்கவில்லை. அங்கே நிஜமாகவே கோள்கள் இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். என் வாதம் சின்னதுதான்: எது உண்மையான வெற்றிடம், எது நம் கண்ணின் குறை என்று பிரித்துப் பார்க்காமல், 'ஒற்றைச் சூரியன்தான் கோள்களுக்கு ஏற்ற வீடு' என்று தீர்ப்பு எழுதிவிடக்கூடாது.

ஆல்பா சென்டாரியில் அந்தச் சோதனை இப்போதே நடக்கிறது. 2024 ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, ஏ நட்சத்திரத்தை மறைத்து, பக்கத்து பி-யின் வெளிச்சத்தையும் கழித்துப் பார்த்தபோது, ஏ-யைவிட 10,000 மடங்குக்கும் மேல் மங்கலான ஒரு புள்ளி தெரிந்தது. சனிக் கோள் அளவு நிறை கொண்ட கோளாக இருக்கலாம் என்பது கணிப்பு. 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் மறுபடி பார்த்தார்கள். காணவில்லை. அந்த நேரத்தில் அது நட்சத்திரத்தை நெருங்கிப்போய் மறைந்திருக்கலாம் என்று, லட்சக்கணக்கான பாதைகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். அதைக் கோள் என்று உறுதி செய்ய, இன்னொரு முறை அது கண்ணில் பட்டாக வேண்டும்.