பதினான்கு நாளும் முடிப்போம்

மலேரியாவுக்குப் புதிய மருந்து வருமா எனக் குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு. வரட்டும், அதுவரை கையிலுள்ள மருந்தை முழுமையாக உட்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

ஒட்டுண்ணி உயிர்வாழ நொதிகள் தேவை. நம் உடலில் இல்லாத, அல்லது நம்முடையதினின்று வேறுபட்ட நொதியை முடக்கினால், நமக்குப் பெருந்தீங்கின்றி ஒட்டுண்ணி மடியும். பால்சிபாரம் மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட்டுடன் தரப்படும் சல்பாடாக்சின், பைரிமெத்தமின் ஆகியவை இவ்வாறே செயல்படுகின்றன.

புதிய இலக்கைக் கண்டறிந்தாலும் மருந்து உடனே வாராது. சோப்பிலும் பற்பசையிலும் சேர்க்கப்பட்ட டிரைக்ளோசன் ஒட்டுண்ணியின் ஒரு நொதியைத் தடுப்பதை, பெங்களூருவின் நமிதா சுரோலியாவும் அவதேஷ சுரோலியாவும் 2001இல் அறிவித்தனர். இரத்தத்தில் வளரும் நிலையில் அந்நொதி ஒட்டுண்ணிக்கு இன்றியமையாததன்று எனப் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

வெளிமாநிலங்களில் வேலை செய்துவிட்டுக் காய்ச்சலுடன் தாமிரபரணிக் கரைக்குத் திரும்புவோர், இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடலாகாது. வைவாக்ஸ் மலேரியா எனில் குளோரோகுயின் 3 நாளும், பிரைமாகுயின் 14 நாளும் தரப்படும். காய்ச்சல் தணிந்ததும் நிறுத்தினால், கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணி மாதங்கள் கழித்தும் மீண்டெழும்.

நம் சிவப்பணுக்களில் ஜி6பிடி என்னும் நொதி குறைவாயின் பிரைமாகுயின் அவற்றைச் சிதைக்கக்கூடும். ஆகவே, மாத்திரையைத் தொடங்குமுன் அதற்கான பரிசோதனையைக் கேளுங்கள். கருவுற்றிருப்பின் முன்னரே சொல்லுங்கள்; அப்போது இம்மாத்திரை ஆகாது. சிறுநீர் கருத்தால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

மற்றபடி, வீட்டிலுள்ள ஒருவர் நாட்காட்டியில் குறித்து, 14 நாளும் உணவுக்குப் பின் மாத்திரையை எடுத்துக் கொடுங்கள். புதிய மருந்து ஆய்வகத்தின் பொறுப்பு. இது நம் பொறுப்பு.