கூடத்து இருளும் குலப்பெருமையும்

மரத்தின்மேல் வண்ணம் பூசுவது பண்பாட்டுக் கொலை என்றொரு கூக்குரல் நம் இலக்கிய வட்டங்களில் அடிக்கடி எழுகிறது. தம் வீட்டுக் கூடத்தின் கரும்பழுப்புப் பலகைச் சுவரை வெண்மையாக்கப் போவதாக எவரேனும் வாய்திறந்தால் போதும். தச்சனின் உளி, பாட்டன் பூட்டன், செட்டிநாட்டு நிலைக்கதவு, இழந்த சொர்க்கம் என்று அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இக்கூக்குரலில் பாதி அறியாமை, மீதி பாசாங்கு என்பதே நம் கருத்து.

முதலில் அது எந்த மரம் என்று கேட்போம். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் பர்மாத் தேக்கு. கொண்டுவிக்கக் கடல்கடந்தவர்கள் 1930கள் வரை மரக்கலங்களில் ஏற்றிவந்து சேர்த்த செல்வம் அது. இனி அப்படி வராது. உருட்டுமர ஏற்றுமதியையே மியன்மர் 2014இல் நிறுத்திவிட்டது. அத்தேக்கின்மேல் எனாமல் அடிப்பவரோடு நமக்கும் தீராத வழக்கு உண்டு. ஆனால் 1980களிலும் 90களிலும் வங்கிக் கடனில் எழுந்த வீடுகளின் கூடங்களில் பதித்திருப்பது அதுவா? ஒட்டுப்பலகை. அதன்மேல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தேக்குத் தோல். அதற்கும் மேல் வால்நட் நிறச் சாயம், பிறகு பளபளக்கும் மெலமைன் பாலிஷ். வாங்க இயலாத தேக்கை நடித்துக்காட்டிய பலகை அது. அதற்கு அஞ்சலிக் கட்டுரை எழுதுவானேன்?

தமிழ் மரபு மரத்தை மேற்பூச்சின்றியே விட்டது என்பதும் பிழை. நக்கீரரின் நெடுநல்வாடையில் அரண்மனை வாயிலை வருணிக்கும் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். இரும்பால் பிணித்த கதவுக்குச் செவ்வரக்கு வழித்திருக்கிறார்கள். உயர்ந்த நிலைக்கு நெய் அணிந்து வெண்சிறுகடுகு அப்பியிருக்கிறார்கள். பத்துப்பாட்டைத் தொடாமல் மேடையிறங்காத நண்பர்கள் இவ்வடிகளை மட்டும் எப்படித் தாண்டிச் சென்றார்கள் என்பது வியப்பு. பூச்சு, மரத்தைப் பேணும் கலையின் ஓர் உறுப்பு; அன்றும் அப்படித்தான்.

இன்னும் சிலர் ஜப்பானிய எழுத்தாளர் தனிசாகியைத் துணைக்கழைக்கிறார்கள். நிழலையும் மங்கலையும் போற்றி அவர் எழுதிய நீள்கட்டுரை 1933இல் வெளிவரத் தொடங்கியது. அழகிய நூல், ஐயமில்லை. ஆனால் 1977இல் வந்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பின் பின்னுரையில் அவர் துணைவியார் கூறியதாக ஒரு செய்தி இருக்கிறது. புது வீடு கட்ட முனைந்தபோது கட்டடக் கலைஞர், தாம் அந்நூலைப் படித்திருப்பதால் என்ன வேண்டுமென்று நன்கு தெரியும் எனப் பெருமிதத்தோடு சொன்னாராம். அப்படிப்பட்ட வீட்டில் தம்மால் ஒருபோதும் வாழ முடியாது என்றாராம் தனிசாகி. இருளைப் புகழ்ந்தவருக்கே அதில் குடியிருக்க மனமில்லை.

குடியிருப்பவர் யார் என்பதே இங்குக் கேள்வி. அக்கரும்பலகையைத் தேர்ந்தவர் குடும்பத் தலைவர். காலையில் அலுவலகம் சென்றுவிடுவார். கண்புரை படர்ந்த முதியவள் நடுப்பகலில் குழல்விளக்கைப் போட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவாள். பலகைகளின் பள்ளக்கோடுகளில் அடையும் தூசியை வாரந்தோறும் துடைப்பதும் பெரும்பாலும் பெண்களே. வெண்பூச்சு தன்மேல் விழும் ஒளியில் முக்கால் பங்குக்கு மேல் அறைக்கே திருப்பித் தருகிறது. கரும்பழுப்பு பெரும்பகுதியை விழுங்கிக்கொள்கிறது. இந்த எளிய இயற்பியலை மறைத்துவிட்டு மரபு பேசுவது வீட்டிலிருப்போர்மேல் நடத்தும் சிறு கொடுமை.

எதிர்த்தரப்புக்கு ஒரே ஒரு நியாயம் உண்டு: நம்மூரில் இவ்வேலை படுமோசமாகச் செய்யப்படுகிறது. "சார், பிரைமர் எல்லாம் எதுக்கு? ரெண்டு கோட்டிங் சேத்து அடிச்சா மூடிடும்" என்பார் ஒப்பந்தக்காரர். மூடாது. பாலிஷின் வழுவழுப்பில் எந்த வண்ணமும் பிடித்து நிற்பதில்லை. நகத்தால் கீறினாலே தோலாக உரியும். மரத்தின் துவர்ப்பொருளும் பழைய சாயமும் நீர்வண்ணத்தில் கரைந்து மேலேறி, வெண்மையில் தேநீர்க்கறை போலத் திட்டுத்திட்டாய்த் தெரியும். எத்தனை பூச்சு அடித்தாலும் கறை மீண்டும் வரும். அக்கறையைத் தடுக்க அவலரக்கைச் சாராயத்தில் கரைத்துச் செய்யும் பிரைமர் உள்ளது. நெடுநல்வாடைக் கதவில் நாம் கண்ட அதே அரக்கு! அது கிடைக்காத ஊரில் எண்ணெய் அடிப்படையிலான, கறை தடுக்கும் பிரைமர் போதும்.

அதற்கும் முன் சோப்பு நீரால் எண்ணெய்ப்பிசுக்கைக் கழுவி, காயவிட்டு, உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்க்க வேண்டும். தோல் மெல்லியது, முரட்டுத்தாள் ஆகாது. பள்ளக்கோடுகளை நிரப்ப விரும்பினால் மரத்துக்குரிய பட்டியையே பார்க்கச் சொல்லுங்கள். சிலர் சுவருக்குப் பூசும் வெள்ளை சிமென்ட் பட்டியையே அப்பிவிடுகிறார்கள். மரம் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும், சிமென்ட் வெடித்து உதிரும். மேற்பூச்சுக்கு எண்ணெய் எனாமலைவிட நீரில் கரையும் அக்ரிலிக் எனாமல் மேல். எண்ணெய் எனாமலின் வெண்மை வெளிச்சம் குறைந்த மூலைகளில் சில ஆண்டுகளிலேயே மஞ்சளாகிவிடும். பலகைக்குப் பின்னே ஈரக்கசிவோ கரையானோ இருப்பின் வண்ணம் அதற்கு மருந்தன்று. தட்டிப் பார்த்து, பொள்ளலாக ஒலித்தால் முதலில் பலகையைக் கழற்றுங்கள்.

முன்பே வண்ணம் பூசிய மரமாயின் இன்னொரு பேராபத்து. வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எனாமலை உலர்நிலையில் தேய்த்தால் ஈயத்தூசி குழந்தைகளின் மூச்சிலும் வாயிலும் போய்ச்சேரும். நனைத்துத் தேய்க்க வேண்டும்; குழந்தைகளையும் கருவுற்றோரையும் வேலை முடியும்வரை வேற்றிடத்தில் தங்கவைக்க வேண்டும். பண்பாட்டுக்காகக் கண்ணீர் உகுப்போர் இதைப்பற்றி ஒரு வரி எழுதி நாம் கண்டதில்லை.

மெல்லிய பூச்சு இரண்டு போதும். தொட்டால் ஒட்டாதென்பதால் இறுகிவிட்டதென்று பொருளில்லை. நன்கு இறுகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மரபு பேசும் நண்பர் எவரேனும் வந்தால் உள்ளே அழையுங்கள்; நாற்காலியை மட்டும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.