எடைக்கல் பொது, இயந்திரத்தின் மூளை?

நமது பேராவூரணி வட்டாரத்தில் தென்னையை நம்பாத வியாபாரம் குறைவு. கொப்பரை ஆட்டும் எக்ஸ்பெல்லரில் ஒரு ஷாஃப்ட் தேய்ந்தால் ஆலை நிற்கும். கடைக்கு எண்ணெய் டின் வராது. சென்ற சீசனில் அப்படியொரு ஷாஃப்டுக்காகக் கோயம்புத்தூர் பட்டறை ஒன்றில் ஆர்டர் கொடுத்துவிட்டு நாம் பதினேழு நாள் காத்திருந்தோம். ஆள் இருந்தார், இரும்பு இருந்தது, கம்ப்யூட்டர் லேத்தும் உறுதியாக இருந்தது. அதை இயக்கும் கன்ட்ரோல் பெட்டிதான் பழுது. விற்ற கம்பெனியோ, பழைய மாடல், பெட்டி முழுவதையும் மாற்றுங்கள் என்று லட்சக்கணக்கில் விலை சொன்னது. உள்ளிருக்கும் புரோகிராமைத் திறந்து பார்க்க வேறு யாருக்கும் வழியில்லை. கடைசியில் வேறு பட்டறையில், கையால் இயக்கும் லேத்தில் கடைந்து வாங்கினோம்.

பணம் கொடுத்து வாங்கிய இயந்திரத்தின் சாவி விற்றவர் கையிலேயே இருந்தால், வாங்கியவர் உரிமையாளரா, குத்தகைதாரரா?

இதற்கு மாற்று உண்டு. லினக்ஸ்சிஎன்சி என்று பெயர். கம்ப்யூட்டரில் ஏற்றி லேத், மில்லிங் இயந்திரங்களை ஓட்டலாம். விலை கிடையாது, எவரும் படித்துத் திருத்தும்படி புரோகிராம் திறந்தே இருக்கிறது. இதன் முதல் வடிவம் 1990களில் அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனத்தில் உருவானது. 1901இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் முக்கிய வேலை எடை, அளவுகளின் தரத்தைக் காப்பது. நம் நாட்டிலும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் வீசையும் படியும் போய்க் கிலோவும் லிட்டரும் வந்தன. கிலோ எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. அதனால்தான் எந்த ஊர்த் தராசிலும் நிறுக்கிறோம்.

இலவசம் என்பதால் செலவே இல்லை என்று எண்ணக் கூடாது. மோட்டார் டிரைவ், வயரிங், விவரம் தெரிந்த ஆள் என்று பணம் ஆகும். அவசரமாக நிறுத்தும் பொத்தானைப் புரோகிராமை நம்பி விடாமல் தனியே இணைக்க வேண்டும். ஆனால் ஒரு மெக்கானிக் கைவிட்டால் இன்னொருவரை அழைக்கலாம், அதுதான் லாபம்.

நம் கடையில் லேத் இல்லையே என்று இருந்துவிட வேண்டாம். பில் போடும் கம்ப்யூட்டர், பாக்கெட் போடும் இயந்திரம், அரிசியில் கறுப்பு பிரிக்கும் இயந்திரம் எல்லாவற்றிலும் இதே கதைதான். வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். நம் கணக்கை வேறு புரோகிராமுக்கு எடுத்துச் செல்ல முடியுமா? கம்பெனி மூடிவிட்டால் யார் பழுது பார்ப்பார்? இதை எழுதித் தருவீர்களா?

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்த நம் பகுதிப் பிள்ளைகள் இருவருக்கு இந்த வேலையில் பயிற்சி தரச் சங்கம் முன்வர வேண்டும். அடுத்த ஷாஃப்ட் தேய்வதற்குள் செய்தால் நல்லது.