மில்லிவாட் வியாபாரமும் என் பேரனின் கண்களும்

இரண்டு மாதமாக எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு சண்டை நடக்கிறது. ஒரு பக்கம் நான். மறுபக்கம் என் மகள் வயிற்றுப் பேரனும், அவனுக்குப் பின்னால் இணையத்தில் லேசர் சாமான் விற்கும் கடைக்காரர்கள் அத்தனை பேரும். பேரன் இப்போது பாதி என் கட்சிக்கு வந்துவிட்டான். கடைக்காரர்களை நான் விடுவதாக இல்லை.

பொறியியல் கடைசி வருடம் படிக்கும் பையன், ரெசின் அச்சு இயந்திரம் ஒன்றைத் தானே செய்கிறான். தொட்டியில் திரவமாக ரெசின் இருக்கும். ஊதா நிற லேசர் ஒளி கோடு போட்ட இடமெல்லாம் அது கெட்டியாகும். ஒரு படலம் முடிந்ததும் தட்டு ஒரு மயிரிழை நகரும், அடுத்த படலம் விழும். இப்படியே அடுக்கி ஒரு மோதிரத்தின் மாதிரியைச் செய்து, நகைப் பட்டறையில் மெழுகு மாதிரிக்குப் பதிலாக வைத்து வார்க்கலாம். செல்போன் திரை போன்ற திரையை வைத்து இதே வேலையைச் செய்யும் இயந்திரம் கடையிலேயே மலிவாகக் கிடைக்கிறதே என்பீர்கள். நானும் கேட்டேன். "அதை வாங்கினா நான் என்ன தாத்தா கத்துக்குவேன்?" என்றான். நியாயம்தான், விட்டுவிட்டேன்.

பார்சல் வந்தது. கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்பு உருளை. மேலே ஒட்டிய தாளில் 405 நானோமீட்டர், 500 மில்லிவாட் என்று இருந்தது. முனையில் ஒரு லென்ஸ். அதன் குவியத்தூரம் என்ன, எந்த நிறத்துக்குப் பூச்சு போட்டது, எவ்வளவு ஒளியை வாங்கும், ஒன்றும் கிடையாது. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்தேன். நான் முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் கொள்முதல் கோப்பு பார்த்தவன். விவரக்குறிப்பு இல்லாத சாமானுக்கு அங்கே பில் பாஸ் ஆகாது. மேசை விசிறி வாங்கினாலும் இறக்கையின் அளவு எழுதியாக வேண்டும். இங்கே கண்ணைப் பறிக்கக்கூடிய ஒரு பொருளுக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

கண்ணைப் பறிக்கும் என்பது அலங்காரப் பேச்சு இல்லை. அன்று மாலை மாடிக்குப் போனால், பையன் சாதாரணக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெள்ளைச் சுவரில் விழும் புள்ளியை அரையடி தூரத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். பிளக்கைப் பிடுங்கினேன். "மங்கலாத்தானே தாத்தா இருக்கு" என்கிறான். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. 405 நானோமீட்டர் ஊதாவை நம் கண் சரியாக உணர்வதில்லை. அதே சக்தியில் பச்சை ஒளி வந்தால் கூசும், இமை தானாக மூடும். ஊதாவுக்குக் கூச்சம் வராது, ஆனால் விழித்திரை சுடும். 5 முதல் 500 மில்லிவாட் வரை உள்ள லேசர்கள் 3பி என்ற அபாய வகுப்பில் வருகின்றன. அதற்கென்று, 405 நானோமீட்டரை எத்தனை பங்கு தடுக்கும் என்று அச்சடித்த பாதுகாப்புக் கண்ணாடி இருக்கிறது. விற்றவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சரி, லென்ஸுக்கு வருகிறேன். பேரனின் புள்ளி புள்ளியாக இல்லை, அரிசி மணி மாதிரி நீண்டிருந்தது. கடைக்காரரிடம் கேட்டானாம். "இன்னும் அதிக மில்லிவாட் வாங்குங்க, வேறே லென்ஸ் மாத்தி மாத்திப் பாருங்க" என்று பதில். இதுதான் என் வயிற்றெரிச்சல்.

மில்லிவாட்டை முதலில் பார்ப்போம். ரெசின் கெட்டியாகும் ஆழம் ஒளியின் அளவோடு நேராக ஏறாது, மடக்கைக் கணக்கில் ஏறும். ஒளியைத் தணிக்கும் ஆழம் 0.15 மி.மீ. உள்ள ஒரு ரெசினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளியை இரட்டித்தால் கூடும் ஆழம் சுமார் 0.10 மி.மீ. பத்து மடங்கு கொட்டினாலும் 0.35தான். சக்தி கூடினால் வேகமாகக் கோடு போடலாம், அது உண்மை, ஒளியைத் திருப்பும் கண்ணாடி அந்த வேகத்துக்கு ஆடினால். இன்னொன்று, சக்தி அதிகமான டையோடுகள் பலவற்றில் ஒளி வெளிவரும் வாயே பட்டையாக இருக்கும். எந்த லென்ஸ் போட்டாலும் அது பட்டையாகவேதான் போய் விழும்.

சின்ன டையோடிலும் வாய் வட்டமில்லை. ஒரு பக்கம் எட்டு, ஒன்பது டிகிரி விரியும், மறுபக்கம் அதைப்போல் இரண்டு மடங்கு விரியும். அந்த வாய் ஒன்றிரண்டு மைக்ரான்தான். லென்ஸ் அதைத் தொட்டியின் மேல் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான் விஷயம். 4 மி.மீ. குவியத்தூர லென்ஸ், தொட்டி 200 மி.மீ. தூரத்தில் என்றால் சுமார் 50 மடங்கு. 2 மைக்ரான் வாய் 100 மைக்ரான் புள்ளியாகும். 8 மி.மீ. லென்ஸ் போட்டால் 25 மடங்கு, புள்ளி பாதியாகும். ஆனால் கற்றை இரட்டிப்பு அகலமாகி, ஆடும் சின்னக் கண்ணாடிக்கு வெளியே வழியும்.

இந்தக் கணக்குக்கு கல்லூரி வேண்டாம். நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளி. ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் ஸ்னெல் விதி என்பதை நாங்கள் தெகார்த் விதி என்று படித்தோம். எங்கள் பௌதிக முசே, லென்ஸ் படம் போடுவதற்கு முன் பலகையின் மூலையில் 'திஸ்தான்ஸ் ஃபோக்கால்' எழுதி, அதற்கு எதிரே எண் போடாதவன் கையைத் தொடமாட்டார், காதைத்தான் தொடுவார்.

இப்போது சில்லறைக் கடைக்காரர்களின் இரண்டாவது மந்திரம். புள்ளி எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது என்கிறார்கள். பேரனின் தொட்டி 12 செ.மீ. சதுரம். லேசர் நடுவுக்கு நேர் மேலே 200 மி.மீ. உயரத்தில். ஓரம் நடுவிலிருந்து 60 மி.மீ. அங்கே ஒளி போகும் தூரம் சுமார் 209 மி.மீ., அதாவது 9 மி.மீ. கூடுதல். நடுவில் 100 மைக்ரானாக இருந்த புள்ளி அங்கே 110 ஆகும், பரவாயில்லை. நடுவில் 25 மைக்ரான் என்று பெருமையாகக் குவித்த புள்ளியோ ஓரத்தில் 180 மைக்ரானைத் தாண்டிவிடும்! மோதிரத்தின் நடு நகாசு நன்றாக இருக்கும், ஓரத்தில் வைத்த தோடு கொழகொழ என்று வரும். இதை நான் தாளில் போட்டுக் காட்டிய பிறகுதான் பையன் என்னை உட்காரச் சொன்னான்.

இந்த ஓரத் தொல்லைக்கு எஃப்-தீட்டா லென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. உடனே அதையும் விற்க வந்தார்கள். கேட்டுப் பார்த்தால் 1064 நானோமீட்டருக்குச் செய்தது, உலோகத்தில் பெயர் பொறிக்கும் இயந்திரத்துக்கு. ஊதாவுக்கு அது குவியும் இடம் வேறு, பூச்சும் வேறு. பூச்சு இல்லாத கண்ணாடி ஒவ்வொரு முகத்திலும் சுமார் 4 சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்பும். மூன்று லென்ஸ் அடுக்கினால் ஆறு முகம், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. அது எங்கே போகிறது? அறைக்குள், யார் கண்ணுக்காவது.

எனக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோதும் இதே கதைதான். மூன்று விலை போட்ட அட்டையை நீட்டினார்கள். எந்த லென்ஸ் எந்தத் தூரத்துக்கு என்று கேட்டேன். "இது பிரீமியம் சார்" என்றார் அந்தப் பெண். பக்கத்தில் இருந்த என் வயதுக்காரர் ஒருவர் நடு விலையைத் தொட்டுவிட்டுப் போனார், துணிக்கடையில் தொடுவதுபோல. நான் டாக்டர் வரும்வரை நகரவில்லை.

தாள் விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஜப்பானில் ஹிதேயோ கொடாமா முன்பே செய்து பார்த்திருந்தாலும், 1984 ஜூலை 16 அன்று அலேன் லெ மெஒத்தே, ஒலிவியே தெ வித், ழான் குளோத் ஆந்த்ரே மூவரும் இந்த ரெசின் வித்தைக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார்கள். அமெரிக்காவின் சக் ஹல் மனுப் போட்டது ஆகஸ்ட் 8. மூன்று வாரம் முந்தியும், வியாபாரம் ஆகாது என்று மேலிடம் அந்தக் கோப்பைக் கைவிட்டது. 1986இல் காப்புரிமை ஹல்லுக்கு. ஒரு குமாஸ்தா ஒழுங்காக நினைவூட்டல் எழுதியிருந்தால் என்று இன்றும் தோன்றும்.

பேரன் இப்போது பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிவிட்டான். இயந்திரத்தைச் சுற்றி மூடியும் போட்டாகிவிட்டது, மூடியைத் திறந்தால் லேசர் அணையும். லென்ஸ் வாங்கவில்லை. நான்கு கேள்வி எழுதி ஐந்து கடைகளுக்கு அனுப்பினோம்: குவியத்தூரம், எண் துளை அளவு, எந்த அலைநீளத்துக்குப் பூச்சு, கண்ணாடியா பிளாஸ்டிக்கா. ஒருவர் ஒழுங்காகத் தாள் அனுப்பினார், விலை இரண்டு மடங்கு. இருவர் தள்ளுபடி தருவதாக எழுதினார்கள். மற்ற இருவரிடமிருந்து பதில் இல்லை. அவர்களுக்கு இரண்டு நினைவூட்டல் போயிருக்கிறது. மூன்றாவதை நாளைக் காலை தட்டச்சு செய்கிறேன்.