சிப்பாய் பார்த்த போர்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில் மாகறல் இருக்கிறது. சம்பந்தர் பாடிய ஊர். அதைச் சுற்றியுள்ள தொண்டை மண்டலம் பல போர்களைக் கண்டது. மணிமங்கலத்தில் பல்லவர் சாளுக்கியரை வென்றனர். புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை முறியடித்தனர். மறு ஆண்டு அங்கேயே இன்னொரு சண்டை நடந்தது. அதில் இறந்த ஆங்கில அதிகாரிகள் இருவருக்கு நினைவுத்தூண்கள் உண்டு. இரு தரப்பிலும் செத்த சிப்பாய்களுக்குத் தூண் கிடையாது.

நம் இலக்கியத்திலும் நெடுங்காலம் இதே நிலைதான். கலிங்கத்துப்பரணியில் காஞ்சியில் வீற்றிருக்கும் குலோத்துங்கன் வருகிறான், கருணாகரத் தொண்டைமான் வருகிறான். கூழ் சமைக்கும் பேய்கள்கூடப் பேசுகின்றன. சாதாரண வீரனுக்கு மட்டும் தனிக்குரல் இல்லை. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' வாதாபிப் போரைச் சொல்கிறது என்றாலும், அது மன்னரும் தளபதியும் பார்த்த போர்.

இங்கேதான் பார்வைக்கோணம் முக்கியமாகிறது. யாருடைய கண் வழியாகக் கதையைக் காண்கிறோம் என்பதே பார்வைக்கோணம். தளபதியின் பார்வைக்கோணத்தில் போர் ஒரு வரைபடம். எந்தப் படை எங்கே நிற்கிறது, எது பின்வாங்குகிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். சிப்பாய்க்கு அது தெரியாது. தான் இருக்கும் குழி, நேரத்துக்கு வராத சோறு, பக்கத்தில் படுத்திருப்பவனின் இருமல், இவைதான் அவனுக்குத் தெரியும். போரின் பெரும்பகுதி அவனுக்குக் காத்திருப்பிலேயே போகிறது. அதனால் நல்ல போர் நாவலில் சண்டை குறைவாகவே இருக்கும். சாகசத்தை எதிர்பார்த்து எடுப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஜெர்மானியரான ரெமார்க் 1917இல் போர்முனையில் காயம்பட்டவர். அவருடைய 'மேற்கு முனையில் அமைதி' 1929இல் புத்தகமாக வந்தது. அதில் ஒருவன் கால் வெட்டப்பட்டு மருத்துவமனையில் சாகக் கிடக்கிறான். அவனுடைய நல்ல பூட்ஸ் மீது நண்பனுக்குக் கண். அந்த நண்பன் கொடியவன் அல்லன். செத்தவனுக்குப் பூட்ஸ் எதற்கு, நடக்கிறவனுக்கல்லவா வேண்டும் என்பதுதான் அங்கே நியாயம். பிறகு அவனும் சாகிறான், பூட்ஸ் அடுத்தவன் காலுக்குப் போகிறது. போர் மனிதனை என்ன செய்கிறது என்பதை ஆசிரியர் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

தமிழில் இந்தப் பார்வைக்கோணத்தை வலுவாகக் கொண்டுவந்தவர் ப. சிங்காரம். சிங்கம்புணரிக்காரர். இரண்டாம் உலகப்போர் நடந்தபோது இந்தோனேசியாவில் வேலை பார்த்தவர். 'கடலுக்கு அப்பால்' 1959இலும், 'புயலிலே ஒரு தோணி' 1972இலும் வெளிவந்தன. இரண்டிலும் வட்டிக்கடைப் பையன்கள் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறார்கள். முதல் நாவலின் செல்லையா போர் முடிந்து திரும்புகிறான். அவனுக்கே மகளைத் தர நினைத்திருந்த முதலாளி இப்போது மறுக்கிறார். துப்பாக்கி பிடித்தவன் இனிப் பேரேட்டுக்கு ஒத்துவர மாட்டான் என்பது அவர் கணக்கு. அவன் போரில் இழந்தது கையோ காலோ அல்ல, கடைக்கு ஏற்ற மனம்.

ஈழத்திலிருந்து வந்தவை வேறு வகை. அவற்றில் பலவற்றை எழுதியவர்கள் முன்னாள் போராளிகளே. கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' (1985) ஓர் இயக்கத்தின் உள்ளேயே நடந்த சித்திரவதைகளையும் கொலைகளையும் சொல்கிறது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) பிரான்சில் அகதி அந்தஸ்து கேட்கும் மனுவோடு தொடங்குகிறது. வீரன் தன் போரை அதிகாரி நம்பும்படி எழுத வேண்டிய இக்கட்டு அது. குணா கவியழகனின் 'நஞ்சுண்டகாடு' புலிகளின் பயிற்சி முகாமுக்குள் செல்கிறது. இவற்றை இயக்கச் சார்பு, எதிர்ப்பு என்று மட்டும் தரம் பிரித்தால் உள்ளே இருக்கும் மனிதர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

1962, 1965, 1971 போர்களிலும், 1987இல் இலங்கைக்குப் போன அமைதிப்படையிலும் தமிழ்நாட்டுச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி இந்த நாவல்களுக்கு இணையாக வைக்கத்தக்க ஒன்று தமிழில் இன்னும் வரவில்லை என்பது என் கணிப்பு.

புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்கள் 'கடலுக்கு அப்பால்' நாவலை முதலில் எடுக்கலாம். சிறியது, நேரான கதை. 'புயலிலே ஒரு தோணி' பல மொழிகளும் நகரங்களும் கலந்து ஓடுவது. முதல் ஐம்பது பக்கங்களில் கைவிட்டுவிடாதீர்கள்.