பாட்டுப் புத்தகம் வாங்கப் போகிறீர்களா?



"பிள்ளை ஒன்றாம் ஆண்டுக்குப் போகிறான், என்ன புத்தகம் வாங்கலாம், டீச்சர்?" என்று கேட்பவர்களிடம் படம் போட்ட பாட்டுப் புத்தகம் என்பேன். பலருக்கு ஏமாற்றந்தான். பயிற்சி நூலைச் சொல்வேன் என்று வந்திருப்பார்கள்.

என் வகுப்பில் ஒரு சிறுமி மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. ஒருநாள் பாட்டின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்தினேன். முடித்தது அவள்தான்! ஒத்த ஓசை வருவதால் அடுத்த சொல் இன்னதென்று காதே சொல்லிவிடுகிறது. தப்பாகுமோ என்ற பயம் பிள்ளைக்கு இல்லை.

கடையிலேயே இரண்டு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். நாக்குத் தடுக்கினால் வைத்துவிடுங்கள், அட்டை எவ்வளவு பளபளத்தாலும் சரி. பாட்டுக்குரிய படம் அதே பக்கத்தில் இருக்கட்டும். அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' முதலில் 1944இல் வந்தது. இன்றும் சரளமாக வாயில் வருகிறது. நம் நாட்டவர் எழுதியது வேண்டுமென்றால் முரசு நெடுமாறனின் சிறுவர் பாடல்களைத் தேடுங்கள்.

இராகம் தெரியாதே என்று கூச்சம் வேண்டாம். தாலாட்டுப் பாட யாரிடம் சுரம் கற்றோம்? தெரிந்த மெட்டில் பாடுங்கள், கடைசிச் சொல்லைப் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள்.

அந்தச் சிறுமி இப்போது தன் தம்பிக்குப் பாடுகிறாள். கடைசிச் சொல்லில் நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்க்கிறாளாம்.