இரும்புக் காசு சொல்லும் கணக்கு

பழங்காசு சேர்ப்பது சீமான்களின் பொழுதுபோக்கு, கூலிக்காரனுக்கு அதில் என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தக் காசைச் சேர்க்கிறோம், அதை எப்படிப் படிக்கிறோம் என்பதே கேள்வி.

ஜெர்மனியின் அவசரக் காசுகளை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டார் அதை 'நோட்கெல்ட்' என்றார்கள். 1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டதும் ஜனங்கள் வெள்ளிக் காசுகளைப் பதுக்கினார்கள். பிறகு செம்பையும் நிக்கலையும் ஆயுதத் தொழிற்சாலைகள் விழுங்கின. ரொட்டிக் கடையில் சில்லறை இல்லை. கூலிப் பட்டுவாடாவுக்கும் சில்லறை இல்லை. ஆகவே நகரசபைகள் இரும்பிலும் துத்தநாகத்திலும் தாங்களே காசு அடித்தன. ஆலை முதலாளிகளும் தம் பெயரில் அடித்தார்கள். ஒரு பக்கம் ஊர்ச் சின்னம், மறுபக்கம் 5, 10, 50 பென்னிக் என்ற மதிப்பு. சிலவற்றில் 'யுத்தப் பணம்' என்றே பொறித்திருக்கும்.

1918ல் யுத்தம் நின்றது. சில்லறைப் பஞ்சம் நிற்கவில்லை. மெய்சன் ஆலை பீங்கானில் காசு செய்தது. பீலெஃபெல்ட் நகரில் பட்டுத் துணியிலேயே நோட்டு அச்சிட்டார்கள். சேர்ப்பவர்கள் பெருகியதைக் கண்ட நகரசபைகள், அவர்களுக்கென்றே வர்ண வர்ணமாக நோட்டு வரிசைகள் வெளியிட்டன. வாங்கியவர் ஆல்பத்தில் ஒட்டிக்கொள்வார். மாற்றித் தரும்படி திரும்பி வரமாட்டார். கஜானாவுக்கு அத்தனையும் லாபம்!

யுத்தச் செலவைப் பெரும்பாலும் கடனிலேயே நடத்திய நாடு, பிறகு நோட்டடித்தே காலம் தள்ளியது. 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் பிரதேசத்தில் புகுந்தபின் அச்சு யந்திரம் ஓயவேயில்லை. 1914ல் ஒரு டாலருக்கு 4 மார்க் சொச்சம். 1923 நவம்பரில் 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க்! காலையில் வாங்கிய கூலி மாலையில் ரொட்டிக்குக் காணாது. ஹூகோ ஸ்டின்னஸ் போன்ற முதலாளிகளோ கடன் வாங்கி ஆலைகளையும் சுரங்கங்களையும் வளைத்துப்போட்டு, மதிப்பற்ற காகிதத்தால் கடனை அடைத்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் பெர்லினில் நோட்டு அச்சடிக்கும் தொழிலாளிகளே வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலைநிறுத்தம் பரவியது, கூனோ மந்திரிசபை கவிழ்ந்தது.

ஆகவே என் அபிப்பிராயம் இது: பளபளக்கும் நோட்டு வரிசையைக் காட்டிலும் துருப்பிடித்துத் தேய்ந்த இரும்புக் காசே மேலானது. முன்னது ஆல்பத்துக்காகவே பிறந்தது. பின்னது பல பேர் கைபட்டு, ரொட்டிக் கடைக்குப் போய் வந்தது. அதைச் சேர்ப்பவர் ஊர்ச் சின்னத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்கவேண்டாம். இந்தக் காசில் இருக்கவேண்டிய செம்பு எங்கே போயிற்று, அதில் யார் கொழுத்தார்கள் என்று பக்கத்தில் எழுதி வைக்கட்டும்.

யுத்தத்தை அறிவித்தவர்கள் வேறு. அதன் கடனைத் தீர்த்தவர்கள் வேறு. சட்டைப்பையில் கிடந்த இரும்புத் துண்டு அதற்குச் சாட்சி. அந்தச் சாட்சியை நம் பிள்ளைகளும் கேட்கவேண்டும்.